லூபஸ் உள்ளவர் கன்னத்தில் ஃபில்லர் போடலாமா? முதலில் அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று பாருங்கள்

குடியாத்தத்திலிருந்து 43 வயதுப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறு வருடமாக லூபஸ், அதாவது உடலின் எதிர்ப்பு சக்தி தோல், மூட்டு, சிறுநீரகம் என்று தன் உடலையே தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய். தினமும் லூபஸை அடக்கிவைக்கும் எச்.சி.க்யூ. (ஹைட்ராக்சிகுளோரோகுயின்) மாத்திரை, கூடவே 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு. முன்பு ஸ்டீராய்டால் உப்பியிருந்த முகம் அளவைக் குறைத்த பிறகு வற்றிவிட்டது, இடது கன்னத்தில் மட்டும் கட்டைவிரலால் அழுத்தியது போல ஒரு பள்ளம். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். வேலூரில் ஒரு கிளினிக்கில் விசாரித்தபோது கன்னப் பள்ளத்தை நிரப்ப ஃபில்லர் ஊசி, புருவ நடுவில் விழும் கோடுகளுக்குத் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி, அரை மணி நேர வேலைதான் என்றார்களாம், நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். வீட்டிலோ "உயிரோடு இருப்பதே பெரிசு, இந்த வயசில் அழகு எதுக்கு" என்கிறார்களாம். இந்த ஊசிகள் தனக்கு ஆபத்தா என்பது அவர் கேள்வி.

வீட்டார் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மனதைக் குத்தியிருக்கும். முகம் பழையபடி ஆக வேண்டும் என்று நினைப்பது பேராசை இல்லை. நம் வேலூரில்தான் 1940களின் கடைசியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோய் குணமானவர்களுக்கு விரல்களை மடக்கி நீட்ட வைத்தார், அதோடு நிற்காமல் உதிர்ந்த புருவத்தையும் அமுங்கிப்போன மூக்கையும் இங்கே சரிசெய்து கொடுத்தார்கள். நோய் போய்விட்டது, ஆனால் முகத்தைப் பார்த்தவுடன் ஊரில் வேலை தரமாட்டேன் என்கிறார்கள், அதனால் முகத்தையும் சரிசெய்ய வேண்டும் என்பது அன்றைக்கே இந்த ஊர் மருத்துவர்களுக்குப் புரிந்திருந்தது. நீங்கள் மகள் கல்யாணத்தில் தலை நிமிர்ந்து நிற்க ஆசைப்படுகிறீர்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு போடாக்ஸ் பெரும்பாலும் பிரச்சினை செய்யாது, ஒரே ஒரு விஷயத்தைச் சரிபார்த்துவிட்டுப் போடலாம். ஃபில்லர் இப்போது வேண்டாம். அந்தப் பள்ளம் எதனால் வந்தது என்று தெரியும்வரை அதை யாரும் நிரப்பக் கூடாது. வேலூரில் பல வருடமாகத் தோல் மருத்துவம் பார்க்கிறேன், லூபஸ், முடக்குவாதம் என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்னிடம் இதே கேள்வியோடு நிறையப் பேர் வருகிறார்கள், அவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடிவதில்லை. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஆட்டோஇம்யூன் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உடலின் பாதுகாப்புப் படை தன் உடலையே தாக்குகிறது என்பதுதான் இவற்றுக்குள் பொது, மற்றபடி ஒவ்வொன்றும் வேறு வேறு நோய். தைராய்டில் வரும் ஹாஷிமோட்டோவும் ஆட்டோஇம்யூன்தான், சிறுவயதில் வரும் முதல் வகைச் சர்க்கரையும் அதே இனம்தான், வெண்புள்ளியும் சொரியாசிஸும் அப்படித்தான். தைராய்டு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு அளவு சரியாக இருக்கும் ஒருவருக்கு இந்த ஊசிகளால் கூடுதல் பயம் பெரிதாக இல்லை. தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் உள்ளவருக்கோ ஒரு துளி போடாக்ஸ்கூட வேண்டாம் என்பேன். அதனால் யாராவது "ஆட்டோஇம்யூன் இருந்தால் போடவே கூடாது" என்றாலும் நம்பாதீர்கள், "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்றாலும் நம்பாதீர்கள். என்ன நோய், அது இப்போது அடங்கியிருக்கிறதா, ஊசிக்குள் இருக்கும் பொருள் என்ன, இந்த மூன்றையும் கேட்காமல் பதில் சொல்கிறவர் உங்களைப் பார்த்துச் சொல்லவில்லை.

போடாக்ஸை எடுத்துக்கொள்வோம். நரம்பிலிருந்து தசைக்கு "சுருங்கு" என்ற செய்தியைக் கொண்டுபோவது அசிட்டைல்கோலின் என்ற பொருள். போடாக்ஸ் அது நரம்பு நுனியிலிருந்து வெளியே வராமல் தடுக்கிறது, அதனால் அந்தத் தசை சில மாதம் ஓய்வெடுக்கிறது, கோடு மறைகிறது. மூன்று நான்கு நாளில் தெரிய ஆரம்பிக்கும், இரண்டு வாரத்தில் முழுப் பலன், மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். இது 1989இலேயே மாறுகண்ணுக்கும் கண் இமைத் துடிப்புக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, புருவ நடுக் கோட்டுக்கு அனுமதி கிடைத்தது 2002இல். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோயும் ஆட்டோஇம்யூன்தான், அதில் இறுகிப்போன தசைகளைத் தளர்த்துவதற்கே இதே மருந்தை மருத்துவமாகப் போடுகிறார்கள், அதுவும் அழகுக்குப் போடுவதைவிடப் பல மடங்கு அதிக அளவில். ஆகவே ஆட்டோஇம்யூன் என்ற ஒரே காரணத்துக்காக போடாக்ஸைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

மயஸ்தீனியாவில் கதை வேறு. அந்த நோயில் தசையில் அசிட்டைல்கோலினை வாங்கிக்கொள்ளும் வாசலையே உடல் அடைத்துவைத்திருக்கிறது, வரும் செய்தியில் பாதிதான் உள்ளே போகிறது. அங்கே போடாக்ஸும் சேர்ந்தால் செய்தியே நின்றுவிடும், இமை விழும், விழுங்க முடியாது, மூச்சுவிடும் தசைவரை போனால் உயிருக்கே ஆபத்து. லாம்பர்ட் ஈட்டன் என்று இன்னொரு அரிய நோய், அதிலும் இதே நிலைதான். ஒரு ஆட்டோஇம்யூன் நோய் உள்ளவருக்கு இன்னொன்றும் சேர்ந்து வருவது உண்டு, அதனால்தான் ஒன்றைச் சரிபார்க்கச் சொன்னேன். போளூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், வேறு ஓர் ஊரில் ஒரு கிளினிக்கில் புருவத்துக்கு ஊசி போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது, சோற்றை மென்று விழுங்க முடியாமல் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். விசாரித்தால், ஊசிக்கு முன்னாலேயே சாயங்காலமானால் கண் சொருகுவதும் டி.வி. பார்க்கும்போது படம் இரண்டாகத் தெரிவதும் ஒரு வருடமாக இருந்திருக்கிறது. வீட்டு வேலை அசதி என்று விட்டுவிட்டார், கிளினிக்கில் கேட்கவும் இல்லை. "இமை தொங்குகிறது, புருவத்தைத் தூக்கி விடுங்கள்" என்று அவர் போய்க் கேட்டதே அந்த நோயால்தான். பிழைத்துக்கொண்டார், ஆனால் மருத்துவமனையில் பல நாள் கிடந்தார். உங்களுக்குச் சாயங்காலத்தில் இமை கனக்கிறதா, சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை ஓய்கிறதா, பேசப் பேசக் குரல் மூக்கில் போகிறதா, படி ஏறத் தொடை வலுவில்லையா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒன்று இருந்தாலும் ஊசி வேண்டாம், நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். லூபஸோடு சிலருக்கு ஷோக்ரன் என்ற வறட்சி நோயும் இருக்கும், கண்ணில் மண் விழுந்தது போல உறுத்தும், தண்ணீர் இல்லாமல் இட்லிகூட இறங்காது. அப்படியானால் கண் ஓரச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் போடாதீர்கள். கண் சிமிட்டுவது குறைந்தால், இருக்கும் கொஞ்ச ஈரமும் வேலூர் வெயிலுக்குக் காய்ந்து கருவிழி புண்ணாகும். புருவ நடுவில் போடலாம்.

இனி ஃபில்லர். உங்கள் விஷயத்தில் முக்கியமானது இதுதான்.

இப்போது அதிகம் போடுவது ஹையலூரானிக் அமிலம், நம் தோலிலும் மூட்டிலும் இயற்கையாகவே இருக்கும் பொருள்தான். ஆனால் ஊசியில் வருவது அப்படியே இயற்கையானது இல்லை, சீக்கிரம் கரையாமல் இருக்க அதை வேதிப்பொருளால் பின்னிக் கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் ஆறு மாதம், ஒரு வருடம், சில இடத்தில் அதற்கு மேலும் நிற்கிறது. போடாக்ஸ் தன் வேலையைச் செய்துவிட்டுப் போய்விடும் மருந்து, ஃபில்லர் அப்படியில்லை, உள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒரு பொருள். உட்கார்ந்திருக்கும் எதையும் பாதுகாப்புப் படை எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் பார்த்துவிட்டுப் போய்விடும். சில சமயம் வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து, ஒரு காய்ச்சலோ பல் சீழோ தடுப்பூசியோ படையை உசுப்பிவிட்டால், திடீரென்று அந்த இடம் வீங்கும். இது நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் நடக்கிறது. மாடர்னா கொரோனா தடுப்பூசி ஆய்வில் பங்கெடுத்தவர்களில் முன்பு ஃபில்லர் போட்டிருந்த மூன்று பேருக்கு முகமோ உதடோ வீங்கித் தணிந்தது என்று 2020 டிசம்பரில் தெரியவந்தது.

அப்படியென்றால் படை ஏற்கனவே கொதித்துக்கொண்டிருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இது அதிகம் நடக்குமா? நேர்மையான பதில் என்னவென்றால், இந்தப் பொருள்களை அனுமதிக்கு முன் சோதித்தபோது ஆட்டோஇம்யூன் நோய் உள்ளவர்களையும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் பொதுவாகச் சேர்க்கவே இல்லை. டப்பாவோடு வரும் தாளில் எச்சரிக்கை போட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளை வைத்து எழுதியவற்றில், நோய் அடங்கியிருந்தபோது ஹையலூரானிக் அமிலம் போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்குப் பெரிய தொந்தரவு வரவில்லை, ஆனால் அவை சின்னக் கணக்குகள். சோதிக்கவில்லை என்றால் ஆபத்து என்று அர்த்தமில்லை, பாதுகாப்பு என்றும் அர்த்தமில்லை. இதனால்தான் நான் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருப்பேன்: தவறினால் திரும்ப எடுக்க முடிகிற பொருளை மட்டும் போடுங்கள். ஹையலூரானிக் அமிலத்தைக் கரைக்க ஹையலூரானிடேஸ் என்ற ஊசி உண்டு. கால்சியம் கலந்த ஃபில்லர், உடலைத் தூண்டிக் கொலாஜன் வளர்க்கும் பாலிலாக்டிக் அமிலம், பிளாஸ்டிக் மணிகள் கொண்ட நிரந்தர ஃபில்லர் இவை எதையும் அந்த ஊசி கரைக்காது. அதிலும் படையைத் தூண்டுவதே வேலை செய்யும் விதமாக உள்ள பொருளை லூபஸ் உள்ளவர் முகத்தில் போட எனக்கு மனம் வராது. திரவ சிலிக்கோன் என்று மலிவாகப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஓடி வந்துவிடுங்கள், பத்து வருடம் கழித்துக் கல்லாக இறுகிய கன்னங்களைப் பார்த்திருக்கிறேன், கத்தி வைத்தாலும் முழுதாக எடுக்க முடியாது.

இப்போது அந்தப் பள்ளம். உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது "இடது கன்னத்தில் மட்டும்" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான். ஸ்டீராய்டு குறைந்து முகம் வற்றினால் இரண்டு கன்னமும் ஏறக்குறைய ஒன்றாக வற்றும். ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்தால் லூபஸே தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பைத் தின்றிருக்கலாம். லூபஸ் பானிகுலைட்டிஸ் என்பார்கள். முகம், மேல்கை, தொடை, மார்பு இந்த இடங்களில் முதலில் தோலுக்கு அடியில் கெட்டியாக ஒரு கட்டி வரும், சிலருக்கு வலிக்கும், சிலருக்குத் தெரியவே தெரியாது, கட்டி கரையும்போது கொழுப்பும் போய்ப் பள்ளமாகும். தோலை இறுக வைக்கும் ஸ்கிளரோடெர்மா என்ற நோயின் ஒரு வகையும் முகத்தில் ஒரு பக்கமாகக் குழி விழ வைக்கும், தோல் பளபளவென்று இறுகியிருக்கும். யாராவது அந்தக் கன்னத்தில் பருவுக்கோ கட்டிக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலும் குழியாகும், அது தானாகவே மாதக்கணக்கில் நிரம்புவதும் உண்டு.

உள்ளே நோய் இன்னும் கனன்றுகொண்டிருக்கும்போது அதன்மேல் ஃபில்லரை வைத்தால் பொருளும் வீணாகும், நோயும் கிளறப்படலாம், பள்ளம் பெரிதாவது வெளியே தெரியாமலும் போகும். அடங்கிய பிறகு நிரப்புவதில் தவறே இல்லை, லூபஸாலும் ஸ்கிளரோடெர்மாவாலும் வந்த பள்ளங்களுக்கே ஹையலூரானிக் அமிலமும் சொந்தக் கொழுப்பும் வைத்து நல்ல பலன் கிடைத்திருக்கிறது. எவ்வளவு காலம் அடங்கியிருக்க வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள் வித்தியாசம் உண்டு, நான் ஒரு வருடம் என்று வைத்துக்கொள்கிறேன். அதாவது ஒரு வருடமாகப் புதுப் புள்ளி இல்லை, மூட்டு வீக்கம் இல்லை, சிறுநீரில் புரதம் போகவில்லை, மாத்திரை அளவைக் கூட்ட வேண்டி வரவில்லை.

மற்ற நோய் உள்ளவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் சுருக்கமாக. சொரியாசிஸ், வெண்புள்ளி, ஊதா நிறத்தில் அரிக்கும் தடிப்பு வரும் லைக்கன் பிளானஸ் இவற்றில் தோலில் காயம் பட்ட இடத்திலேயே புதிதாக நோய் முளைக்கும் குணம் உண்டு. ஒரு மெல்லிய ஊசிக் குத்தில் அது அரிது, ஆனால் முகம் முழுக்க நூற்றுக்கணக்கில் குத்தும் டெர்மா ரோலர், ரத்தத்தை எடுத்துப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி. இவற்றில் வாய்ப்பு அதிகம், வெண்புள்ளி பரவிக்கொண்டிருக்கும்போது அவை வேண்டவே வேண்டாம். தைராய்டு கண் நோயால் கண் துருத்தியிருப்பவர்கள் கண்ணுக்குக் கீழே ஃபில்லர் போடாதீர்கள், அங்கே இருப்பது பள்ளம் இல்லை, வீக்கம். உடலில் ஆங்காங்கே சின்னச் சின்னக் கட்டிகள் திரளும் சார்காய்டோசிஸ் என்ற நோய் உள்ளவர்களுக்கு அந்நியப் பொருள் இருக்கும் இடத்திலும் கட்டி திரளலாம், அவர்களும் ஃபில்லரை விட்டுவிட வேண்டும். நிறம் வெளுக்க குளுட்டத்தயோன் ஊசி என்று விற்கிறார்களே, அது தோல் வெளுக்க அனுமதி பெற்ற மருந்தே இல்லை.

மாத்திரைகள் விஷயத்தில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. ஊசிக்காக எச்.சி.க்யூ.வையோ ஸ்டீராய்டையோ பத்து நாள் நிறுத்திவிட்டு வாருங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நிறுத்தாதீர்கள். எச்.சி.க்யூ. நின்றால் லூபஸ் மறுபடி கிளம்பலாம், பல மாதமாகச் சாப்பிடும் ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தை உறைய வைக்கும் எதிர்ப்பொருள் இருக்கும், அதற்காக அசிட்ரோம் அல்லது எகோஸ்ப்ரின் சாப்பிடுகிறவர்கள் முகம் கன்றிப்போகும் என்று பயந்து நிறுத்தினால் மூளையிலோ காலிலோ ரத்தம் உறையலாம். கன்றினால் பத்து நாளில் போய்விடும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட், அசதயோப்ரின், மைக்கோஃபினோலேட், பயாலஜிக் ஊசிகள் எடுப்பவர்களுக்குக் கிருமித் தொற்றுதான் கவலை, அதிலும் ஸ்டீராய்டு காய்ச்சலையும் சிவப்பையும் மூடி மறைத்துவிடும், உள்ளே சீழ் கோத்தாலும் வெளியே லேசான தடிப்பாகத்தான் தெரியும். பல் சொத்தை இருந்தால் முதலில் அதை முடியுங்கள். உதட்டில் அடிக்கடி அக்கி போலக் கொப்புளம் வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கு முன்னதாகவே மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும்.

நம் பகுதிக்கென்று ஒன்று. ஃபில்லர் போட்டு ஆறு மாதம் கழித்துக் கன்னத்தில் ஒரு கட்டி வந்தால் அதைப் பார்க்கும் மருத்துவருக்கு இங்கே முதலில் தொழுநோயும் காசநோயும்தான் நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். சதை எடுத்துச் சோதித்தாலும் இவை எல்லாம் கிரானுலோமா என்ற ஒரே மாதிரித் திரட்சியாகத் தெரியலாம். "நான் ஃபில்லர் போட்டிருக்கிறேன்" என்று வெட்கப்பட்டு மறைத்துவிட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. கணவருக்குத் தெரியாமல் போட்டிருந்தாலும் சரி, மருத்துவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

கிளினிக்கில் கேட்க வேண்டியது: ஊசி போடுகிறவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா? உங்கள் முன்னால் டப்பாவைப் பிரிக்கிறார்களா, பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள ஸ்டிக்கரைக் கையில் தருகிறார்களா? போடாக்ஸ் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து, மே மாதத்தில் ஒரு கைப்பையில் வைத்துச் சென்னையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்ததை நம்ப முடியாது. ஹையலூரானிடேஸ் அலமாரியில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் வெளுத்து, பிறகு ஊதா நிறத்தில் வலை போலத் தெரியும், கடுமையாக வலிக்கலாம், மூக்கு, புருவ நடுப் பகுதியில் போட்டால் கண் பார்வையே போகலாம். அப்போது சில மணி நேரத்துக்குள் அந்த மருந்து வேண்டும், மறுநாள் வாங்கி வருகிறோம் என்றால் ஆகாது. ஒன்று மறக்காமல் சொல்லுங்கள்: தேனீயோ குளவியோ கொட்டி உடம்பே தடித்து மூச்சு முட்டியிருக்கிறதா? அந்த விஷத்திலும் இதே ஹையலூரானிடேஸ் இருக்கிறது, அப்படிப்பட்டவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அவர்கள் ஃபில்லரை யோசிக்காமல் இருப்பதே மேல்.

உங்கள் கணக்குக்கு வருவோம். இந்த வாரமே உங்கள் லூபஸ் மருத்துவரிடம் போய், ஊசி போட ஆசை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கடைசியாக எடுத்த ரத்தம், சிறுநீர் ரிப்போர்ட் சரியாக இருந்து, இமை, விழுங்குதல் பற்றிச் சொன்ன அறிகுறிகள் ஒன்றும் இல்லை என்றால், கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் புருவ நடுவுக்கு மட்டும் போடாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். அது போதும். கன்னத்தை அதற்குள் நிரப்ப முயலாதீர்கள், வாழ்க்கையில் முதல்முறையாகப் போடும் ஃபில்லரைக் கல்யாண அவசரத்தில் போடக் கூடாது. அன்றைக்கு நல்ல மேக்கப் போடுகிற பெண் நிழலும் வெளிச்சமும் வைத்து அந்தப் பள்ளத்தைப் பாதி மறைத்துவிடுவார். வெயிலில் பந்தலுக்கு வெளியே நின்று வரவேற்கும் வேலையை மட்டும் உங்கள் அண்ணிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிடுங்கள், லூபஸ் முகத்துக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி இல்லை.

தோல் மருத்துவரிடம் போகும்போது பழைய போட்டோக்களை எடுத்துப் போங்கள், நோய் வருவதற்கு முன்னால் எடுத்தது ஒன்று, முகம் உப்பியிருந்தபோது ஒன்று, இரண்டு வருடத்துக்கு முந்தையது ஒன்று. ஏதாவது விசேஷத்தில் எடுத்த போட்டோ கட்டாயம் இருக்கும். பள்ளம் எப்போது ஆரம்பித்தது, ஒரே அளவில் நிற்கிறதா, வளர்கிறதா என்பதை அந்த மூன்று படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம்.